நாலு விரல் கூடுதலாகப் பின்னிய ஸ்வெட்டர்

என் பிரியமுள்ள தங்கை வள்ளிக்கு,

நீ உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை மேற்பார்வையம்மா என்றும் நீங்கள் என்றும்தான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள் நீ. இப்போது நீ என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாய். வேலைக்கு வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டவள் நீதானே.

நீ போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. உன் நினைவாக இல்லத்தில் ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள். உன்னோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் பயமில்லை, பேத்தி கனகம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் ஊரான கூக்காலில் எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் அவள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் இவளைத்தான் எழுப்புகிறார்களாம். "அம்மாச்சி, ஒரே மூச்சா எழுதாதீங்க. அங்கங்க நிறுத்தி எழுதுங்க" என்கிறாள். பார்த்தாயா, உனக்குப் பிறகு எனக்கு ஒரு மேற்பார்வை வந்துவிட்டது.

மலரைப் படிக்கிறவர்களில் நம் வீட்டைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். கோடைக்கானலில் எங்கள் இல்லத்துக்கு ஊரார் வைத்த பெயர் மூணு மாச வீடு. தாய் தகப்பன் இல்லாத, இருந்தும் இல்லாத பெண் பிள்ளைகள், பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வரை, அங்கே வருவார்கள். அவர்களை ஏற்று வளர்க்க ஒரு குடும்பம் கிடைக்கும்வரை தங்குவார்கள். மூன்று மாதம்தான் கெடு. அதற்குள் வீடு அமையவில்லை என்றால் மதுரையில் இருக்கிற பெரிய விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். உயரமான சுவர், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பதினெட்டு முடியும்வரை வெளியே வர முடியாது.

அங்கே வேலை பார்க்கிற எங்களையெல்லாம் மேற்பார்க்க உன்னைப் போட்டார்கள். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. சமையலுக்கு ராக்கம்மாள். நீ வந்த அன்று ராக்கம்மாள் என் காதில் சொன்னது இன்னும் கேட்கிறது. "ஏத்தா செல்லம்மா, எம் மக வயசு கூட இருக்காது. இவ வந்து எனக்கு உப்புப் போடச் சொல்லித் தரப்போறாளாக்கும்." அது உன் காதிலும் விழுந்தது. "உப்பு நீங்களே போடுங்கக்கா. நான் தின்னுட்டுச் சொல்றேன்" என்றாய். ராக்கம்மாள் அன்றைக்கே பாதி அடங்கிப்போனாள்.

நீ எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டாய். மூன்று மாதத்துக்கு அப்பால் உள்ள எந்தப் பேச்சையும் பிள்ளைகளிடம் பேசக்கூடாது. அடுத்த தீபாவளிக்கு அதிரசம் சுடுவோம் என்றுகூடச் சொல்லக்கூடாது. "அவங்க நம்ம வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா. நாம சும்மா சொல்றதையும் நிசம்னு எடுத்துக்குவாங்க" என்பாய். சனிக்கிழமை மத்தியானம் எங்களை அடுப்படியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஒரு கேள்வி கேட்பாய். "இந்த வாரம் யாருக்கு எந்தப் பிள்ள மேல கோவம்?" நாங்கள் கொட்டித் தீர்ப்போம். யாருக்கு எவள்மேல் ஆத்திரமோ அவளை அந்த வாரம் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அடி இல்லாமல் அந்த வீடு நடந்தது அப்படித்தான்.

கோபத்தைக் கேட்டாய், பிரியத்தைக் கேட்கவில்லை. அதிலும் ஒரு கேடு வரும் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ராசாத்தியை நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்கவே வேண்டாம். சைனாச் சண்டைக்கு முந்தின வருஷம், பழனியில் தைப்பூசக் கூட்டத்தில் சித்திக்காரி உட்காரவைத்துவிட்டுப் போன பிள்ளை. பதினைந்து வயது. வந்த அன்று குளிரில் பல் கிடுகிடுவென்று ஆடியது. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றியது நான். அன்றிலிருந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். நான் பூண்டு உரித்தால் அவளும் உரிப்பாள், நான் தும்மினால் அவள் மிளகு தட்டிக்கொண்டு வருவாள்.

இல்லத்தை நடத்துகிற கமிட்டியில் இருந்த அம்மா ஒருவர் கொடுத்த மிச்சக் கம்பளி நூல் கிடந்தது, அரக்கு நிறம். அதை எடுத்து அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தால் எப்படி எடுப்போம்? வளர்கிற பிள்ளை என்று கொஞ்சம் விட்டுத்தானே தைப்போம். அப்படித்தான் நானும் கையை நாலு விரல் நீளமாக வைத்தேன். அவள் போட்டுப் பார்த்து, விரல் நுனி தெரியவில்லை என்று சிரித்தாள். "இருக்கட்டும்டி, அடுத்த வருசக் குளிருக்குச் சரியா இருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுகூட எனக்கு உறைக்கவில்லை. உன் சட்டத்தை உடைத்துவிட்டேன் என்று தோன்றவேயில்லை. வாய்தவறி வந்த வார்த்தைதானா, மனதுக்குள் ஆசை இருந்து வந்த வார்த்தையா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில் பாலசமுத்திரத்திலிருந்து பழனியம்மாளும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். கொய்யாத் தோட்டம், இரண்டு மாடு, பிள்ளை இல்லை. ராசாத்திக்கு என்று நீ தேடித்தேடிப் பிடித்த வீடு. கெடு முடியப் பதினைந்து நாள் இருந்தது. பெண்ணைக் கூட்டி வா என்றாய். அவள் அந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கையை உதறிக்கொண்டே வந்து நின்றாள். "நான் வரலிங்க. செல்லம்மா ஆயா என்னையக் கூக்காலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அடுத்த வருசத்துக்குச் சொட்டருகூடப் போட்டாச்சு" என்றாள்.

பழனியம்மாள் கொண்டுவந்த கொய்யாப் பழத்தை மேசைமேல் வைத்தபடியே எழுந்துவிட்டாள். மத்தியான பஸ்ஸுக்கே இறங்கிப் போய்விட்டார்கள்.

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ஒரே கேள்விதான். அவளக் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா? போறதுன்னா நானே கமிட்டியில பேசுறேன். ரெண்டுல எதுன்னாலும் நான் கூட நிக்கிறேன்" என்றாய்.

கூக்காலில் என் மகள் வீடு ஒற்றை அறை. பாதிக்குப் பூண்டு தொங்கும், மீதியில் ஆறு பேர் படுக்க வேண்டும். மருமகன் நல்லவர்தான், ஆனால் வயசுப் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினால் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முடியாது என்று சொல்ல அத்தனை நேரம் ஆனது.

"அப்ப அத நீங்கதான் அவகிட்டச் சொல்லணும்க்கா. நான் சொன்னா, மேற்பார்வையம்மா பிரிச்சுட்டான்னு நெனச்சு ஒங்களுக்காகக் காத்துக் கெடப்பா. காத்துக் கெடந்தா மதுரைதான்" என்றாய்.

சொன்னேன். அந்தக் கல்லுப் பக்கத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. "பெறகு எதுக்கு ஆயா கைய நீளமா வச்சீங்க?" என்றாள்.

"வளர்ற பிள்ளன்னு..."

"எங்க வளர்றதுக்கு?"

ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் என் கையால் சோறு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளனே என்னைக் கிளப்பினாய். "பாலசமுத்திரம் போறோம்க்கா, வெரசா சேலைய மாத்துங்க." வத்தலக்குண்டில் இறங்கி, பஸ் மாறி, பழனி போய், அங்கிருந்து வெயிலில் நடந்தோம். வழியெல்லாம் நீ என்ன பேசப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அங்கே போனதும், "அக்கா பேசுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாய்.

பழனியம்மாளுக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. "பிள்ளதான் வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சே. எங்களுக்கும் மானம் ரோசம் இருக்குல்ல" என்றாள்.

"அவ வேணாம்னது ஒங்கள இல்ல தாயி. நான் ஒரு ஆசை வார்த்த சொன்னேன், அத அவ நம்பிட்டா. இப்ப அதுவும் பொய்யின்னு நானே சொல்லிட்டேன். அவளுக்கு இப்ப யாருமே இல்ல" என்றேன்.

அவள் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார். "ஏண்டி, ஒந் தங்கச்சிக்கு மாப்ள பாக்க நாலு தடவ போகல? எவன் வாசல்லயாவது மொத தடவையே வாங்கன்னானா? இன்னொருக்கா போயிட்டு வருவோம்." பழனியம்மாள் அவரை முறைத்தாள். ஆனால் எங்களுக்கு மோர் வந்தது. மோரைப் பார்த்ததும்தான் நீ மூச்சே விட்டாய்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது ராசாத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எத்தன மாசத்துக்கு?"

"மாசக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நேத்து மாடு கன்னு போட்டுருக்கு. இன்னைக்கே வந்தா சீம்பால் கெடைக்கும், நாளைக்குன்னா கெடைக்காது" என்றாள் பழனியம்மாள். ராசாத்தி அன்றைக்கே பையைத் தூக்கினாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

ஸ்வெட்டரின் கையைப் பிரித்து, சுருக்கிப் பின்னச் சொன்னாய். அடுத்து அடுக்கம் கிராமத்திலிருந்து வந்த பிள்ளை அதைப் போட்டுக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து உன் கேள்வியும் இரண்டாகிவிட்டது. யாருக்கு எந்தப் பிள்ளைமேல் கோபம் என்று கேட்ட பிறகு, யாருக்கு எந்தப் பிள்ளைமேல் ரொம்பப் பிரியம் என்றும் கேட்பாய். முதல் கேள்விக்கு வாய் ஓயாத நாங்கள், இரண்டாவதுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இந்தத் தையில் ராசாத்தி வந்திருந்தாள், இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தையோடு. பக்கத்து ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பழனியம்மாள் இப்போதே கொலுசு வாங்கிவிட்டாளாம். என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். உன்னைத்தான் முதலில் கேட்டாள். நீ போனதைச் சொன்னேன்.

இதுவரைக்கும் எழுதியது உனக்கும் தெரிந்த கதை. இனிமேல் எழுதுவது நீ எனக்குச் சொல்லாமல் போனது.

உனக்குப் பிறகு மேற்பார்வையை என்னிடம்தான் கொடுத்தார்கள். அலமாரிச் சாவியும் கமிட்டி நோட்டும் கைக்கு வந்தன. போன மாதம் பழைய நோட்டைப் புரட்டினேன். யாரோ எழுதிய கோழிக் கிறுக்கல், ஒரு பக்கம் படிக்க அரை மணி ஆனது. பாலசமுத்திரத்தார் முதல் தடவை திரும்பிப் போனதைக் கமிட்டி விசாரித்த பக்கத்தில் இருக்கிறது: ஸ்வெட்டர் பின்னியது மேற்பார்வையாளர் வள்ளி சொல்லித்தான், தவறு அவருடையது, ஆயா செல்லம்மாள்மேல் குற்றமில்லை. நீயே அப்படிச் சொன்னாயாம். கீழே உன் கையெழுத்து.

அந்த வருஷம்தான் இல்லத் தலைவி வேலை காலியானது. உனக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாரும் இருந்தோம். கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். "இங்கிலீசு பத்தாது, அதான் குடுக்கல" என்று அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் பேசினேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். ஏன் வள்ளி, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தால் கூக்காலில் அந்த ஒற்றை அறைக்கு நான் பாரமாகப் போயிருப்பேன் என்று கணக்குப் போட்டாயா? கனகத்துக்கு அப்போது நாலு வயது. என் சம்பளத்தில்தான் அவள் சிலேட்டுப் பிடித்தாள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கமிட்டி அம்மாவிடம் கேட்டேன். "எழுதினத அழிக்க முடியாது செல்லம்மா. வேணும்னா கீழ எழுதலாம்" என்றார்.

எழுதுகிறேன் வள்ளி. மலரைக் கொடுக்கிற அன்று ராசாத்தி வருகிறாள், கமிட்டியார் எல்லாரும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் அந்த நோட்டை விரித்து, உன் கையெழுத்துக்குக் கீழே எழுதுவேன். கனகத்தைத் திருத்தவிட மாட்டேன். "ஸ்வெட்டரைப் பின்னியது நான். வள்ளியிடம் கேட்கவில்லை. பாலசமுத்திரத்தார் வந்த அன்றுதான் அவளுக்கே தெரியும். தப்பு என்னுடையது." எழுதியதை எழுந்து நின்று வாசிக்கவும் செய்வேன்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டதால் உனக்கு அக்காவானவள்,
செல்லம்மாள்