நீர் இரவல் தந்த கோட்டு

இன்று காலை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் குனிந்து கும்பிட்டேன். கோட்டின் நடுப் பொத்தான் தெறித்து, மாப்பிள்ளையின் தகப்பனார் கையிலிருந்த மோர்த் தம்ளரில் விழுந்தது. பத்து வருஷத்தில் என் வயிறு கண்ட முன்னேற்றத்தை நம் தெரு கண்டிருந்தால் நீர் இன்றும் இருந்திருப்பீர்.

கோட்டு உம்முடையது. முனிசிபல் எலெக்‌ஷனுக்கு முந்தின நாள் இரவல் தந்தீர். நம் தெருச் சாக்கடை, நாம் குடிக்கிற வாய்க்காலிலேயே விழுந்தது. வருஷந்தோறும் வாந்திபேதி. நாம் இருவரும் எழுதிய மனுக்களுக்கு ஒரு வரி பதில் வந்ததில்லை.

"எழுதி என்னத்துக்குவே? நீரே நில்லும்" என்று ஏற்றிவிட்டவன் நான்.

"பாய் விக்குதவனுக்கு யாருவே வோட்டுப் போடுவா?"

"மொத வோட்டு என்னுது."

நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு வாய் மட்டும் பி.ஏ. வரை.

எதிரே நின்றவர் என் முதலாளி, ஜவுளிக்கடை அண்ணாச்சி. வெள்ளைக்காரன் சட்டப்படி வோட்டை எல்லார் முன்னாலும் வாயால்தான் சொல்ல வேண்டும். "சபையில பேசப் போறீரு, வெறும் துண்டோட போகாதேயும்" என்று கோட்டை மாட்டிவிட்டீர். அதில் உம் கோரைப் பாயின் வாசம்.

மறுநாள் அதிகாரி, "யாருக்கு?" என்றார். பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி. முறைத்திருந்தால்கூட எனக்கு ரோஷம் வந்திருக்கும். "என்னலே, கோட்டெல்லாம் பலமா இருக்கு! பைய சொல்லு" என்று சிரித்தார். வாசலில் நின்று நீர் தலையாட்டினீர்.

நான் அண்ணாச்சி பெயரைச் சொன்னேன். தெளிவாக, எழுத்துப் பிசகாமல்.

வெளியே வந்து கோட்டைக் கழற்றினேன். "இருக்கட்டும்வே, உமக்கு நல்லாத்தான் பொருந்துது" என்றீர். குத்திச் சொன்னீரா, பிரியமாகச் சொன்னீரா? கேட்கத் துணிவதற்குள் அடுத்த கோடை வந்து, அந்த வாய்க்கால் தண்ணீரே வாந்திபேதியாக வந்து உம்மைக் கொண்டுபோயிற்று. அண்ணாச்சி மாலை அனுப்பினார். சுமந்து வந்தவன் நான்.

சாக்கடை இன்னும் அங்கனயேதான் விழுகிறது. எலெக்‌ஷன் வரும்போதெல்லாம் அண்ணாச்சிதான் நிற்கிறார். நானும் பிசகாமல் சொல்லிவிட்டு வருகிறேன். மகளை மட்டும் நல்ல தண்ணீர் உள்ள ஊராகப் பார்த்துக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறேன். இந்தத் தெருவுக்கு என்னால் ஆனது அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பொத்தானைத் துடைத்து நீட்டினார். "இடுப்புக்கே காணலியே, யாரு கோட்டுவே இது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னுதுதான்" என்று நானும் சிரித்தேன். உம் பெயர் நாக்கு நுனிவரை வந்து, அன்று போலவே அங்கேயே நின்றுவிட்டது.