இடது பக்கத்து வயலின்

ரூம் மாறுவதற்காகக் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியைக் காலி செய்தபோது உன் இயர்போன் கையில் சிக்கியது. வலது பக்கத்தில் கறுப்புப் பஞ்சு உறை அப்படியே இருக்கிறது. இடது பக்கம் மொட்டை. "காதுல அரிக்கு, ஏட்டி" என்று நீதான் அதைப் பிய்த்து வேன் ஜன்னல் வழியே எறிந்தாய். மூன்று வருடமாக நான் பார்க்காமல் தள்ளி வைத்திருந்த பொருள் இது.

இதில் நாம் சேர்ந்து கேட்ட சிடி உனக்குக் கிடைத்ததும் இப்படி ஒரு பெட்டியிலிருந்துதான். விசா கேன்சல் ஆகி ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் சாமான்களை மேசைமேல் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வது இந்த வளைகுடா ஊரில், ஜெபல் அலியில், நம் ஆபீஸ் வழக்கம். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி கிளம்பிய நாளில் மற்றவர்கள் ரைஸ் குக்கருக்கு முண்டியடிக்க, நீ அட்டை கிழிந்த அந்த சிடியையும் ஒரு பழைய சிடி பிளேயரையும் எடுத்து வந்தாய். முந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஐரோப்பிய இசை. இரண்டு வயலின்களுக்கான கன்சர்ட்டோ.

நம் ரூம் இருந்த கராமாவிலிருந்து ஜெபல் அலிக்குக் கம்பெனி வேனில் ஒரு மணி நேரம். பட்டான் டிரைவர் "யல்லா, யல்லா, ஜல்தி!" என்று ஹாரன் அடிக்க, ஈரத்தலையோடு ஓடி வந்து ஏறுவோம். ஜன்னலோரம் எனக்கு. இருந்தது ஒரே இயர்போன். இடது உனக்கு, வலது எனக்கு.

அந்தக் கன்சர்ட்டோவின் இரண்டாம் பகுதி மெதுவானது. அது தொடங்கியதும் நீ என் முழங்காலில் தட்டி முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவாய்.

"அவசரப்படாத. இன்னும் ஆரம்பிக்கல" என்பேன் நான்.

"ஆரம்பிச்சிட்டுல்லா! ஒங் காதுல பஞ்சு இருக்கு, அதான் கேக்கல."

என் காதில் அடியில் நடக்கும் துணைக் கருவிகளான செல்லோவும் ஹார்ப்சிகார்டும்தான் முதலில் ஒலிக்கும். சற்றுப் பொறுத்துத்தான் வயலின் வரும். தினமும் நீ முந்துவாய், தினமும் நான் திருத்துவேன். முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பிறகு நான் படிக்கத் தொடங்கினேன். அதுதான் வினை. சத்வாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தக் காலத்து பரோக் இசை பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. ஒரு குரல் சொன்னதையே இன்னொரு குரல் சற்றுப் பின்னால் வந்து சொல்லும், ஒன்றையொன்று துரத்தும், ஆனால் இடறாது. அந்த உத்தியை முழு இசை வடிவமாகக் கட்டினால் அதற்கு ஃபியூக் என்று பெயர். எல்லாவற்றையும் கோடு போட்டுப் படித்தேன். நான் கேட்பது ஒரே ஒரு குரல் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் நீ வழக்கம்போல முந்தியபோது எரிச்சலில் சொல்லிவிட்டேன். "கோயில்ல நாலு பாட்டு பாடிட்டா இசை தெரிஞ்சிடுமா? இதெல்லாம் படிச்சுக் கேக்கணும்."

தூத்துக்குடியில் பத்து வயதிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள் நீ. எப்போதும் இரண்டாம் குரல். மற்றவர்கள் கவனிக்காத வரிதான் உனக்குப் பழக்கம்.

"சரிட்டி. படிச்சவ நீயே கேளு." இயர்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு வேனின் கடைசி இருக்கைக்குப் போனாய். அன்று மாலை நானும் வீம்பாக அதை உன் தலையணையில் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்று வாரம் ஒரே ரூமில், மேல் கட்டிலில் நீயும் கீழ்க் கட்டிலில் நானும், பேசாமல் இருந்தோம். கோபத்தில்தான் பின்னால் உட்காருகிறாய் என்று நினைத்தேன். வலி தாங்காமல் அந்த நீள இருக்கையில் படுத்துக்கொண்டு வந்தாய் என்பது, நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. ரத்தத்தில் நோய் என்று விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனையில் சொல்லியிருக்கிறார்கள். நான் டியூட்டியில் இருந்த பகலில் நீ ஏர்போர்ட் போய்விட்டாய். உன் சாமான்கள் மேல் கட்டிலில் பரப்பியிருந்தன. பிளேயரும் இயர்போனும் மட்டும் என் தலையணைமேல் இருந்தன.

அன்றுதான் முதல் தடவையாக இரண்டு காதிலும் மாட்டினேன். பழைய ஒலிப்பதிவு. ஒரு வயலினை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் ஒதுக்கிப் பதிந்திருந்தார்கள். இடது பக்கம் முதலில் தொடங்கியது. நீ முழங்காலில் தட்டுவாயே, சரியாக அந்த இடத்தில். அது தன் வரியைச் சொல்லி முடித்த பிறகுதான் வலது பக்கம் நுழைந்தது. படித்தவள் நான் பாதியைக் கேட்டுவிட்டு முழுமையைப் பற்றி உனக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

கீழே கடையில் போன் கார்டு வாங்கி உன்னை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வயலின் விஷயத்தைத்தான் சொன்னேன்.

"அப்போ நா சொன்னது சரிதான?"

"சரி."

"நீ சொன்னதுந் தப்பில்லல்லா?" மூச்சு வாங்கச் சிரித்தாய். "பாதிப் பாட்ட வச்சுக்கிட்டா இவ்ள சண்ட போட்டோம்? ஏட்டி, நா கேட்ட பக்கத்த நீ கேளு. ஒம் பக்கத்த நா வந்து கேக்கேன்."

நீ வரவில்லை. நான்கு மாதம் கழித்து உன் தம்பி போன் செய்தான். உன் பக்கத்தைக் கேட்க அதற்குப் பிறகு எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று காலை, அதே பெட்டியில் கிடந்த பிளேயருக்குக் கடையில் இரண்டு பேட்டரி வாங்கினேன். அதே வேன், அதே டிரைவர். மொட்டையான இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்தேன். பஞ்சு உறையுள்ள வலது பக்கம் மடியில் கிடந்தது. நீ சொன்னது சரிதான், அந்த மெதுவான பகுதியில் வயலின் காத்திருக்கவில்லை. உடனே ஆரம்பித்துவிட்டது. தணிந்த, நிதானமான குரல். நீ ஒருபோதும் அவசரப்படவே இல்லை.

அந்த வரி முடிந்து, அடுத்த குரல் நுழைய வேண்டிய இடம் வந்தது. என் காதில் அது இல்லை. யார் முன்னும் வாய் திறந்து பாடாதவள் நான் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியை நானே முணுமுணுக்கத் தொடங்கினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "க்யா ஹுவா, மேடம்?"

ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து என் பக்கத்தை முணுமுணுத்தேன். அதை வந்து கேட்பதாக நீ சொல்லியிருந்தாயே.