மகள் தினமும் குடிக்கும் நிலாவரை

என் அன்பு மகேசு,

நீர் இருக்கும் இடத்தில் பசியும் இல்லை, வயிற்று வருத்தமும் இல்லை என்று உம்முடைய திவசத்தன்று ஐயர் சொன்னார். அப்படியென்றால் நீர் கொடுத்துவைத்தவர். இங்கே வெள்ளவத்தையில் வயிறு ஒன்றைத் தவிர எங்களுக்கு வேறு கதை இல்லை. எங்கள் வாசுகி மெலிந்துபோனாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை தோளில் நிற்கிறதில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாயிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உமக்குத் தெரியாத வயிறா? பிள்ளைக்குச் செமிக்கவில்லை என்றால் இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுப்பீர். எனக்கு வாய்வு என்றால் உள்ளிப்பூண்டு தட்டிப்போட்ட ரசம். வெயிலுக்கு மோர். "நேரத்துக்குச் சாப்பிட்டால் உந்த ஆரவாரம் ஒண்டும் வராதப்பா" என்று ஒரு பேச்சும் சேர்த்துத்தான் தருவீர்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் பேதிக்கு நிலாவரை இலை அவிப்பீர். வாசுகி மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பாள். நான் கழிப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பேன், நீர் குசினி அடுப்படியில் நின்று சிரிப்பீர். மத்தியானம் மிளகு ரசமும் குழைந்த சோறும். அத்தோடு சரி. அடுத்த விடுமுறை வரைக்கும் அந்த இலை வீட்டு வாசலை மிதிக்காது.

அதைத்தான் மகேசு, உம்முடைய மகள் இப்போது ஒவ்வொரு நாளும் குடிக்கிறாள்.

எனக்கே தெரியாமல்தான் நடந்தது. கொத்தமல்லி முடிந்துவிட்டதென்று காலி வீதியில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில், "அங்கிள், வீட்டில நிறைய ஆக்களா? மிஸ் கிழமைக்குக் கிழமை நிலாவரை எடுக்கிறது" என்றார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே?

வந்து கேட்டேன். வாசுகி என்மேல் எரிந்து விழுந்தாள்.

"அம்மாட குடலுக்க கழிவு தேங்கி நிண்டதாலதான் கான்சர் வந்தது. போன்ல எத்தினை பேர் சொல்லீனம் தெரியுமே? நான் என்ர குடலைச் சுத்தமா வச்சிருக்கப் போறன்."

"அம்மா உப்பிடி ஒவ்வொரு நாளும் தந்தவாவே பிள்ளை?"

"அதுதான் அப்பா, அம்மா இப்ப இல்லை."

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போவது போல எழும்பிப் போய்விட்டேன். பிறகு ஒருநாள் அந்தத் தூளை எடுத்துத் தொட்டிக்குள் கொட்டினேன். அடுத்தநாளே புதிதாய் வாங்கி வந்தாள். சின்னப்பிள்ளை என்றால் அதட்டலாம். முப்பது வயது தாண்டிய பிள்ளையின் கையைப் பிடித்துத் தடுக்கவா முடியும்?

போன மாதம் அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் எல்லாம் விசாரித்துவிட்டு, "வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லை டொக்டர்" என்றாள். சத்தியமாக அது பொய் சொல்கிற முகம் இல்லை. நான்தான் நிலாவரைக் கதையை எடுத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "அது மருந்தில்லை அப்பா, அம்மாட வீட்டுச் சரக்கு" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான். அட்டையிலும் போத்தலிலும் வந்தால்தான் மருந்து, அடுப்பில் கொதித்தால் அது சாப்பாடு. உம்மைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர். யாரும் தங்கள் குசினியைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் தெரியும்.

டொக்டர் ஏசவில்லை. பேதியோடு பேதியாக உடம்பின் உப்புச்சத்தெல்லாம் போய்விட்டதாம். இப்படியே விட்டால் இதயத்தையும் பாதிக்குமாம். குடல் தானாக வேலை செய்யவும் மறந்துவிட்டதாம். இஞ்சியும் மோரும் ரசமும் தாராளமாகக் கொடுங்கள், இந்த இலையை மட்டும் நிறுத்துங்கள் என்றார். பிறகு, தாய்க்குக் கான்சர் வருத்தம் இருந்தபடியால் குடலுக்குள் கமரா விட்டு ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றும் சொன்னார். வாசுகி மாட்டேன் என்று எழும்பிவிட்டாள்.

உம்மைப் போல ரசம் வைத்துப் பார்த்தேன். மிளகு கூடிப்போய் எனக்கே இருமல் வந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா எல்லாம் சரியாத்தானே சாப்பிட்டவா? பிறகேன்?" என்று கேட்டாள். இதே கேள்வியை நீரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டீர். அன்றைக்கும் எனக்கு விடை தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து பக்கத்தில் இருந்தாள்.

"கமராவில ஏதும் தெரிஞ்சால் எனக்குச் சொல்லுவீங்களே அப்பா?"

"ஒண்டும் இராது பிள்ளை."

"அம்மாவுக்கும் உதைத்தானே சொன்னனீங்கள்."

ஓம், அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு உம்மைப் பார்த்த டொக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுக் கான்சர் என்றார். நான் உள்ளே வந்து, வெறும் அல்சர், ஒன்றுமில்லை என்றேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்? நோயின் பெயர் நோயாளியின் காதில் விழக்கூடாது. நீரும் நம்பியது போலத்தான் தலையை ஆட்டினீர். உண்மையில் நம்பினீரா மகேசு?

வாய்திறந்து ஒருவரும் உண்மை சொல்லாத வீட்டில் பிள்ளை வேறு எதை நம்பும்? இலையைத்தான் நம்பும். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாது பிள்ளை. இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றேன். பிறகு, "அப்ப எப்ப போவம்?" என்று கேட்டாள்.

வருகிற வியாழக்கிழமை போகிறோம். அதற்கு முதல்நாள் வயிற்றைக் கழுவ ஆஸ்பத்திரியே பேதிமருந்து தருமாம், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிலாவரைத் தூள் இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. அதை விட்டுவிடுவாளா என்று என்னால் சொல்ல முடியாது. கமராவில் என்ன தெரியும் என்பதும் என் கையில் இல்லை.

என் கையில் இருப்பதை மட்டும் உமக்கு வாக்காகத் தருகிறேன். இந்தமுறை டொக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டால் நான் எழும்ப மாட்டேன். சொல்வதை அவளுக்கு முன்னாலேயே சொல்லச் சொல்வேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்கும்போதே நானும் கேட்பேன்.

என்றும் உம்முடைய,
வாசுகியின் அப்பா