உள்ளே இருக்கிற எல்லோருக்கும்

மார்ச் 3

அன்புள்ள காலர்,

பட்டன் எழுதுகிறேன். ஆலையில் நீ காலர் தைத்தாய், நான் பட்டன் தைத்தேன், பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டதே, அதே பட்டன்தான். நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய். உன் அண்ணியிடம் விலாசம் வாங்கினேன்.

அன்று நீ மெஷினை விட்டு எழுந்துபோய், துணிக்கட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, “எனக்குத் தைக்கத் தெரியாது, அடிக்காதீங்க” என்று சின்னப் பிள்ளைக் குரலில் அழுதாய். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறாய் என்று நினைத்தேன். போனில் படம் பிடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். படம் சூப்பர்வைசர் வரை போய், உன் வேலையும் போனது. உனக்கு ஏதோ நோய் என்று அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. மன்னிப்பாயா?

உன் பட்டன்


மார்ச் 19

அடி பட்டன்,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினது மாதிரிதான் இருக்கிறது.

நோயின் பேர் பெரிசு: விலகல் அடையாளக் கோளாறு. பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. சின்ன வயதில் தாங்க முடியாதது திரும்பத் திரும்ப நடந்தால், மனசு ஒன்றாகச் சேராமல் பகுதி பகுதியாக வளர்ந்துவிடுமாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வயது, தனி குரல், தனி நினைவு. ஒன்று விலகி இன்னொன்று முன்னே வருவதை ‘மாறுதல்’ என்கிறார் டாக்டர். அப்போது நடந்தது பல சமயம் எனக்கு நினைவிருக்காது. அன்று சூப்பர்வைசர் மேஜையைத் தட்டிக் கத்தினாராமே, அதுதான் ‘தூண்டுதல்’. நீ பார்த்தது ஏழு வயதுக்காரியை. எங்களைக் காவல் காக்கிறவள் ஒருத்தியும் உண்டு, கொஞ்சம் முசுடு. பேசிப் பேசித்தான் வைத்தியம். யாரையும் விரட்டுவதில்லை, ஒருவரோடு ஒருவரைப் பழக்குகிறார்கள்.

எனக்கு அந்த நாளே ஞாபகமில்லை, எதையடி மன்னிக்க? மாதக் கடைசி ஞாயிறு வாயேன்.

காலர்


மார்ச் 20

பட்டனுக்கு,

அந்த முசுடு நான்தான். காலருக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். முதலில் சிரித்தது யார்? சின்னவள் அத்தனை பேரில் உன்னைப் பார்த்துத்தான் உதவி கேட்டுக் கை நீட்டினாள்.

ஞாயிறு வராதே.


ஏப்ரல் 2

உங்கள் எல்லோருக்கும்,

ஞாயிறு உங்கள் தெருமுனை வரை வந்து, திரும்பிவிட்டேன்.

முதலில் சிரித்தது நான்தான். அவள் கை நீட்டியதையும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் போனைத் தூக்கினேன். நடிப்பு என்று நினைத்ததாக எழுதியது பாதிப் பொய். பயந்துபோனேன். அதை மறைக்கச் சிரித்தேன்.

காலர், நீ மன்னித்தது இது எதுவும் தெரியாமல். அதை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இப்போது தெரிந்துகொண்டாய், இனி உன் இஷ்டம். காவல் காக்கிறவள் வரச் சொல்கிற வரை நான் வரமாட்டேன்.

சின்னவளிடம் மட்டும் யாராவது சொல்லுங்கள்: கை நீட்டியது அவள் தப்பில்லை.

பட்டன்