ஆடியில் நகர்ந்த வீடு

ஆனி 12, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரெட்டியபட்டி, மூத்தவன் செல்வத்தின் வீட்டுக் கொல்லை. மாட்டுத்தொட்டி கிடந்த இடத்தைச் சமம் செய்து, வரிசையாகக் கான்கிரீட் கட்டைகள் வைத்திருக்கிறான். இன்று எனக்கு வீடு வருகிறது. வருகிறது என்று எழுதவே கூசுகிறது. வீடு எங்காவது வருமா?

வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஃபேக்டரியில் செய்து, டிரெய்லர் லாரியில் ஏற்றி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடி. தெருமுனையில் கரண்டு வயர் தாழ்வு. ஒருவர் மூங்கில் கம்பால் தூக்கிப் பிடிக்க, அடியில் நுழைந்து மெல்ல வந்தது. ஊரே திரண்டுவிட்டது.

"ஏலே, இதுக்கு நம்பர் பிளேட்டு எங்கடா?"

"நான் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரன் வாரான்னுல்ல நெனச்சேன்."

கிரேன் தூக்கியது. கதவு, ஜன்னல், குழாய், மின்விசிறி எல்லாம் மாட்டிய வீடு, அந்தரத்தில் பாதிச் சுற்று சுற்றியது. மதியச் சாப்பாட்டுக்குள் இறக்கி, கரண்டும் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் அவரும் கட்டிய வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டவே ஒரு கோடை முழுக்க ஆனது.

உள்ளே பார்த்தவை:
கட்டில் – மடக்கினால் சுவருக்குள் போய்விடுகிறது.
சாப்பாட்டு மேசை – அதுவும் சுவருக்குள்.
சுவர் – இரண்டு தகடு, நடுவில் நுரை. செங்கல் ஒன்றுகூடக் கிடையாது.
வாசல்படி – இழுத்தால் டிராயர். செருப்பு வைக்க.
கக்கூஸ் – அடுப்பிலிருந்து நாலு எட்டு. சீச்சீ.

கூரையின் நாலு மூலையிலும் பெரிய இரும்பு வளையம். "இனி எதுக்குத் தம்பி, அறுத்து விட்டுருங்க" என்றேன் கம்பெனி ஆளிடம். "அது இருக்கட்டும்மா" என்று செல்வத்தைப் பார்த்தான். செல்வம் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான்.

இரவு. முதுகு வலி. சந்தோஷமா பயமா தெரியவில்லை. அவர் போனபின் பழைய வீட்டை விற்றுப் பாகம் பிரித்தாயிற்று. அதிலிருந்து ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் காரியாபட்டியில் சின்னவன் பாண்டி வீட்டில். முறை. இந்தப் பக்கம் பெற்றவர்கள் எல்லோருக்கும் இதுதான் கதி. பை ஒன்று, பஸ் ஒன்று. இனி அது இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து எனக்கென்று வீடு வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைத் திட்டி எழுதிய பக்கங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனி 13, வெள்ளி

பால் காய்ச்சினோம். அதாவது, காய்ச்சப் பார்த்தோம். உள்ளே கேஸ் அடுப்பு கூடாதாம். கண்ணாடி மாதிரி கரண்டு அடுப்பு. பால் பொங்கி விளிம்புக்கு வந்து ஒரு சொட்டு தெறித்ததும் 'கீ கீ' என்று கத்திவிட்டு அதுவாகவே அணைந்துவிட்டது. பொங்கிய பால் அப்படியே அடங்கிப்போனது. எல்லோர் முகமும் செத்துவிட்டது. மூத்த மருமகள் முத்துலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மூன்று கல் வைத்து, கருவேல விறகு மூட்டிப் பொங்கவிட்டேன். சத்துணவுக் கூடத்தில் அத்தனை வருடம் உலை வைத்தவளுக்கு ஒரு சொம்புப் பாலா பெரிசு. ஆனால் மனசு அடித்துக்கொண்டது.

ஆனி 20, வெள்ளி

காற்று ஆரம்பித்துவிட்டது. புழுதி. ஜன்னல் ரப்பர் வைத்து மூடுகிறது, ஒரு பொட்டு மண் உள்ளே வரவில்லை. அதிசயம்.

இன்று செய்தவை: காலை பத்து மணி வரை படுத்திருந்தேன். நான்! கத்தரிக்காய்க் குழம்பைச் சட்டியிலிருந்தே தின்றேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். யாரும் 'என்ன அத்தே' என்று எட்டிப் பார்க்கவில்லை. பத்தடி அகலம்தான். காலை நீட்டினால் எதிர்ச்சுவர் பக்கம்தான். ஆனாலும் இத்தனை பெரிய இடத்தில் நான் இருந்ததே இல்லை.

கக்கூஸ் பழகிவிட்டது. சீச்சீ என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனி 28, சனி

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெளியே முத்துலட்சுமி போனில். எதிர்முனையில் பாண்டியின் பெண்டாட்டி திவ்யா. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"ஆனியோட எங்க மொறை முடியுது. லாரிக்கும் கிரேனுக்கும் சொல்லிட்டீகளா?"

"அக்கா, ஆடி பெறக்கப் போகுது. ஆடியில யாராச்சும் வீடு மாறுவாகளா? ஆவணியில எடுத்துக்கிறோம்."

"அதெப்படி? அப்ப நாங்க தொடர்ந்து ரெண்டு மாசம் வச்சுக்கணுமா? பேசுனது என்ன? மாசம் பெறந்தா வீடு அங்கிட்டு வரணும், அதான பேச்சு?"

கீரை மடியிலிருந்து கொட்டியதுகூடத் தெரியவில்லை. அந்த வளையங்கள் எதற்கு என்று புரிந்துவிட்டது. முறை நிற்கவில்லை. முன்பு நான் மட்டும் போனேன். இனி வீட்டோடு போக வேண்டும். மாதா மாதம்.

ராத்திரி சாப்பிடவில்லை.

ஆனி 30, திங்கள்

பாண்டி வந்தான். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். மறுப்பார்கள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெருமையாகச் சொல்கிறார்கள்!

செல்வம்: "ஒனக்கு அலைச்சல் இருக்கக் கூடாதுன்னுதான்ம்மா. ஒஞ் சாமான் ஒண்ணு எடுத்து வைக்க வேணாம். அப்படியே தூக்கிருவோம்."

பாண்டி: "நாங்க போன் போட்டு கேட்டுத்தான்ம்மா இந்த மாடலு வாங்குனோம். எத்தன தடவ தூக்கி வச்சாலும் ஒண்ணும் ஆகாதாம்."

"எனக்கு ஆகும்டா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தமாஷ் செய்கிறேனாம். நான் பெற்ற பிள்ளைகள்தானா என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தேன். இரண்டுக்கும் அவர் மூக்கு. சந்தேகமே இல்லை.

பிறகு ஆடிச் சண்டை. செல்வம் இப்போதே எடு என்கிறான். பாண்டி ஆடியில் எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறான். கடைசியில் திருச்சுழி ஜோசியரைக் கேட்பது என்று முடிவு. என்னைக் கேட்பது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி 3, சனி

பேரிடி. எங்கிருந்து தொடங்க?

காலையில் முத்துலட்சுமி ரொம்பப் பிரியமாக, "அத்தே, கண்ணு மங்குதுன்னீகளே, அருப்புக்கோட்டை போயிக் காட்டிட்டு வாங்க" என்றாள். பஸ்ஸுக்குக்கூட நேரம் பார்த்துச் சொன்னாள். போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். எல்லாம் மங்கல். வெயில் தாங்க முடியவில்லை. மூன்று மணிக்குத் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

வீடு இல்லை.

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். சத்தியமாக. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். கட்டைகள் வரிசையாக நின்றன. நடுவில் வெளுத்த மண், லாரி டயர் தடம். கொடியில் காயப்போட்டிருந்த என் சேலையை மட்டும் மடித்து ஒரு கட்டைமேல் வைத்திருந்தார்கள். பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். அந்தக் கல்லைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

பாண்டிக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பத்திரமா வந்து சேந்துருச்சும்மா. ஒரு கீறல் இல்ல. அடுப்பு மேல வச்சிருந்த சோறுகூடச் சிந்தல."

ஜோசியர் தீர்ப்பு இப்படியாம்: "ஆளு உள்ள இருந்தாத்தான் அது வீடு. பூட்டி லாரியில ஏத்துனா சாமான். சாமானுக்கு ஆடி கெடையாது." அதனால்தான் என்னை அருப்புக்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் இல்லாத நேரம் பார்த்து வீட்டைச் சாமான் ஆக்கிவிட்டார்கள்.

"சரிடா. நான் இப்ப பஸ் ஏறி வாரேன்" என்றேன்.

பாண்டி இழுத்தான்: "அது... ஜோசியரு இன்னொன்னும் சொன்னாருமா. புது எடத்துல நீ ஆடியில காலு வைக்கக் கூடாதாம். ஆவணியிலதான் உள்ள போகணும். எங்க மொறையும் அதுலருந்துதான் கணக்கு. அதுவரைக்கும் அண்ணன் வீட்டுல..."

முத்துலட்சுமியிடம் சொன்னேன். "எங்க மொறை முடிஞ்சுருச்சே அத்தே. அதுவும் போக நீங்க படுக்குற எடத்துல பிள்ளைக்குக் கட்டில் போட்டாச்சு." மறுபடி பாண்டிக்குப் போன். "ஒன் வீட்டுக்குள்ளயே ஒரு மூலையில இருந்துக்கிறேன்" என்றேன். போனைத் திவ்யா வாங்கினாள். "அந்த மூலையில ஃபிரிட்ஜு வச்சுட்டோம் அத்தே. ஒங்களுக்குத்தான் தனி வீடு வந்துருச்சேன்னு."

பையோடு போன காலத்தில் எந்த ஆடியும் என்னைத் தடுத்ததில்லை. சொந்த வீடு வந்ததும் ஒரு மாதம் முழுக்கத் தலை சாய்க்க இடமில்லை. திவ்யாவை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கல்நெஞ்சுக்காரி. ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு அழட்டும்.

ஆடி 4, ஞாயிறு

பரளச்சி. பேச்சியம்மாள் வீடு. என்னோடு சத்துணவில் சமையலராக இருந்தவள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஒன்றுமே கேட்கவில்லை, தட்டை வைத்துவிட்டாள். சாப்பிட்டு முடித்தபின் கேட்டாள்.

"ஏக்கா, ஒரு வாடகை ரூம்பு பாத்துத் தரட்டா?"

"ஆடியில யாரு குடி வைப்பா?"

"அதுவும் சரிதான். அப்ப இங்கயே கெட. விருந்தாளிக்கு ஆடி ஏது?"

கஷ்டத்திலும் சிரித்துவிட்டேன்.

ஆடி 20, செவ்வாய்

பேய்க்காற்று. பேச்சியின் தகரக் கொட்டகை பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி இன்னும் பறக்கவில்லை. என் வீடுதான் பறந்தது.

செல்வம் போன்: நலமா. பாண்டி போன்: நலமா. 'வா' என்று இருவரும் சொல்லவில்லை. 'நலம்' என்றேன். போனை வைத்தபின் பேச்சியிடம் அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். நல்ல மனுஷி.

வாங்க: தேங்காய் எண்ணெய், வலிக்குத் தைலம், பேச்சிக்கு ஒரு சேலை.

முடிவு செய்துவிட்டேன். ஆவணியில் அங்கே போவேன். ஒரே ஒரு தடவை. புரட்டாசி பிறந்து லாரி வந்தால் நான் அதோடு திரும்பப் போவதில்லை. வீட்டை எங்கே வேண்டுமானாலும் சுமந்துகொண்டு திரியட்டும். பேச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, இடிந்ததானாலும் சரி, நகராமல் நின்றால் போதும்.

ஆவணி 4, புதன்

நாளைக் காலை நல்ல நேரம் என்று வரச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கே போனேன். யாருக்கும் சொல்லவில்லை. உச்சி வெயில். காரியாபட்டியில் இறங்கி நடந்தேன். பாண்டி வீட்டுக்குப் பின்பக்கம் என் வீடு நின்றது. வாசல் மேற்கே திரும்பியிருந்தது. ரெட்டியபட்டியில் கிழக்கு. சூரியனையே மாற்றிவிட்டார்கள்.

சாவி என்னிடம். போட்டுத் திருப்பினேன். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

திருடன்! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

திவ்யா.

தலை அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். கையில் போன்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தே... அவுககிட்ட சொல்லிராதீக."

"என்னடி பண்ணுற இங்க?"

"ஒண்ணும் பண்ணல அத்தே. சும்மா. மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து படுத்துக்கிறேன். அம்புட்டுதான். மத்த சாவி அலமாரியில இருந்துச்சு. உள்ள தாப்பாள் போட்டுட்டா யாரும் தேட மாட்டாக. பூட்டிக் கெடக்குற வீடுன்னு நெனச்சுக்கிருவாக."

உள்ளே பார்த்தேன். என் சாமான் ஒன்றையும் தொடவில்லை. கட்டிலைக்கூட இறக்கவில்லை. வெறும் தரையில் ஒரு தலையணை, அவ்வளவே. பக்கத்தில் பாதி தின்ற முறுக்கு. பிள்ளைகளுக்குத் தெரியாமல் தின்கிறாள்!

இந்த நோட்டில் இவளை என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆடி முழுக்கப் பேச்சியோடு உட்கார்ந்து இவளைத்தான் அதிகம் திட்டினேன். மூன்று ரூம் வீட்டில் இருக்கிறவள், படுக்க இடமில்லாமல் இங்கே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள். அதிர்ச்சி என்றால் இதுதான். லாரியில் வீடு போனதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நாளைக் காலை வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. வைத்தேன். கதவைச் சாத்தினேன். கட்டிலை இறக்கிப் படுத்தேன். அவள் கீழே.

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பொரட்டாசிக்கு லாரி வரும்ல. வேணாம் அத்தே. இங்கயே இருக்கட்டும். மத்தியானம் மட்டும் எனக்குக் குடுங்க."

"யாரு சொல்றது ஒம் புருசன்கிட்ட? பாதிப் பணம் போட்ட முத்துலட்சுமி சும்மா விடுவாளா?"

"நான் சொல்றேன். அவுக கத்துனா கத்தட்டும்."

இவளா என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தாள்.

வெளியே பாண்டியின் குரல். "திவ்யா! ஏ, திவ்யா! எங்கிட்டுப் போனா இவ?" குரல் கொல்லைக்கு வந்தது. கதவுப் பக்கம் வந்தது. திவ்யா விருட்டென்று எழுந்தாள். தோளைப் பிடித்து அழுத்தித் திரும்பப் படுக்க வைத்தேன்.

"திவ்யா?"

"அவ இங்க இல்ல" என்றேன். "நான்தான் இருக்கேன்."