விரியாமல் சுற்றும் உன்ர பாய்

அன்பு மச்சான் ரமணன்,

உனக்குப் பொய் எழுத எனக்கு மனமில்லை. நெடுங்கேணியில் நடந்த விழாவைப் பற்றி ஊர் முழுக்க ஒரு கதை ஓடுது. படங்களும் போட்டிருக்கிறார்கள். அதில் பொன்னாடையோடு இளித்துக்கொண்டு நிற்கிறவன் நான்தான். பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கு.

நீ டெங்குக் காய்ச்சலில் இறந்துபோய் ஏழாம் மாதம், பல்கலைக்கழகத்தில் நாங்கள் செய்த செய்மதி மேலே போனது. ஒரு றாத்தல் பாண் அளவுப் பெட்டிதானே, யாரோ ஒரு நாட்டின் ரொக்கெட்டில் மூலையில் இடம் கிடைத்தது. படம் எடுத்தது, வெப்பநிலை அனுப்பியது. மிச்சம் உன்ர பரிசோதனை மட்டும். வேலை முடிந்த செய்மதி ஒரு மெல்லிய பாயை விரித்து, அந்த உயரத்திலும் கொஞ்சம் இருக்கிற காற்றில் இழுபட்டு, தானே இறங்கி எரிந்து போகுமா?

கண்ணிவெடி எடுத்து முடியும்வரை ஜெயபுரத்தில் உங்கட வயலுக்குள் கால் வைக்கேலாமல் இருந்தது. மேலே விட்டுப்போன சாமானை ஆர் பொறுக்குகிறது என்று நீ கேட்டபோது விரிவுரையாளர்மார் விளங்காமல் பார்த்தார்கள். எனக்கு விளங்கியது.

பாயைக் கட்டியிருந்த நூலை எரிக்க இங்கேயிருந்து கட்டளை போகவேணும். செய்மதியின் பட்டரி சாகத் தொடங்கியிருந்தது, மிஞ்சிய மின்சாரம் நூலை எரிக்கிற கம்பியை ஒருதரம் சூடாக்க மட்டும் காணும். விழா அன்று காலை பத்து நாற்பத்திரண்டுக்குச் செய்மதி எங்கட தலைக்கு மேலால் எட்டு நிமிடம் போகும். அடுத்த சுற்றுவரை பட்டரி தாங்காது, அதை விட்டால் கதை முடிந்தது.

தெரிந்துகொண்டுதான் விழாக் குழுத் தலைவருக்கு ஓம் என்றேன். உன்ர பேரில் பாராட்டு விழா, பிரதம விருந்தினர் பொத்தானை அமத்துவார், மாமி, உன்ர அம்மா, முன் வரிசையில் இருப்பா என்றார். எனக்கு மட்டும் மேடை ஆசை இல்லையா? கூரையில் அன்ரனாவைக் கட்டிவிட்டு, கட்டளை அனுப்புகிற லப்டொப்போடும் புது வேட்டியோடும் மேடைக் கதிரையில் போய் இருந்தேன்.

விருந்தினர் பத்தரைக்கு வந்தார். வாசலில் மாலை, மேளம். பிறகு குத்துவிளக்கு. ஐந்து திரிக்கு ஐந்து பேர் என்றால் முடிந்திருக்கும். ஒருவரை விட்டால் கோவிப்பார் என்று பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஏற்ற ஏற்ற மின்விசிறிக் காற்று அணைத்தது. லப்டொப்பில் செய்மதியின் சத்தம் வந்துவிட்டது. தலைவரின் காதுக்குக் கிட்டப் போனேன்.

"ஐயா, இப்ப அமத்தாட்டிப் போயிடும்."

"இருங்கோ தம்பி. விளக்கேத்தாமல் ஒண்டும் தொடங்கேலாது. மேல நிக்கிறது எங்க ஓடப்போகுது?"

ஓடித்தான் போனது, மச்சான். கதிரைக்குத் திரும்பிவிட்டேன், லப்டொப் என்ர மடியில் இருந்தது. ஒரு விரல் போதும். அச்சடித்த நிகழ்ச்சி நிரலுக்குப் பயந்து சும்மா இருந்தேன். இவ்வளவும் படித்து என்ன?

பதினொன்றேகாலுக்கு விருந்தினர் அமத்தினார். மேலே ஒன்றும் இல்லை. பாய் விரிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனம் கை தட்டியது. மறுத்துச் சொல்ல எழும்பினேன். பொன்னாடையைப் போட்டு இருத்திவிட்டார்கள். சனத்துக்கு என்ன தெரியப்போகுது, விடுங்கோ என்றார் தலைவர். முன் வரிசையில் மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. பின்னேரம் செய்மதியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. இன்றைக்குவரை இல்லை.

மூன்று நாள் பொறுத்து ஜெயபுரம் போய் மாமியிடம் உள்ளதைச் சொன்னேன். தலைவரைத் திட்டுவா என்று நினைத்தேன். அரிசி புடைக்கிறதை நிப்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தா.

"உன்ர மடியிலதானே இருந்தது. ஏன்டா நீ அமத்தேல்லை?"

நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்?

பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்பவேணும். வெற்றி என்றே எழுதச் சொல்லித் தலைவர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். பாய் விரியவில்லை என்று தெரிந்த சிலர் அங்கே, பாயில்தான் ஏதோ பிழை என்று இப்பவே கதைக்கிறார்கள். அப்படி ஒரு வசனம் உன்ர பேரோடு சேர விடமாட்டேன். நீ செய்த பாயை ஒருவரும் இன்னும் சோதிக்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதுவேன். கட்டளை அனுப்பாமல் இருந்தவனின் முழுப் பெயரையும் கீழே போடுவேன்.

உன்ர மாமன் மகன்,
தர்சன்