ஒரு புள்ளியும் திமிங்கிலங்களும்

கற்பிட்டி
03.03.2014

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெண்சாதிக்கென்று நீங்கள் எடுத்துத் தந்த விசா இருந்தும் நான் டோஹாவுக்கு வராமல் நின்றுவிட்டதிலிருந்து நாம் கதைக்கவில்லை. போன் எடுத்தால் சண்டையில் முடியும் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். தரவுத்தள வேலை தெரிந்த ஆள் உங்களை விட்டால் எனக்கு வேறு இல்லை.

எங்கள் படகோட்டிகள் சங்கத்தில் திமிங்கிலம் கண்ட விபரங்களைப் பதிந்துவந்த றிப்னாஸ் வேலையை விட்டுப் போய்விட்டார். எல்லாம் கணினியில் ஒரே கோப்பில் இருக்கிறதாம். திறந்தால் கறுப்புத் திரை. show tables என்று அடித்தேன். மூன்று புள்ளி வந்து அப்படியே நிற்கிறது.

திமிங்கிலம் வரும் பக்கம் வேகப்படகு ஓட்ட ஒரு ஹோட்டல்காரர் அனுமதி கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசியில் புத்தளத்தில் கூட்டம். அதைத் தடுக்கக் காட்டுவதற்கு எங்களிடம் இருப்பது இந்தக் கோப்பு மட்டும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஃபாஹிமா

டோஹா
04.03.2014

ஃபாஹிமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீ அடித்தது வேறொரு மென்பொருளின் கட்டளை. நீ சொல்லி முடிக்கவில்லை என்று நினைத்து அது காத்திருக்கிறது. அரைப்புள்ளி போட்டு என்டரைத் தட்டு. பிழை என்று சொல்லும், பயப்படாதே. பிறகு .tables என்று அடி. முன்னால் புள்ளி வேண்டும், முடிவில் ஒன்றும் வேண்டாம். உள்ளே இருக்கும் அட்டவணைகளின் பெயர்கள் வரும்.

திமிங்கிலம் எண்ணுவதற்காக என்னைத் தனியே விட்டாய் என்பதை நான் மறக்கவில்லை.

ஹுனைஸ்

கற்பிட்டி
05.03.2014

மச்சான்,

அடித்தேன். ஒரு பெயரும் வரவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற படகோட்டி யாகப்பு அண்ணன், "எல்லாம் அழிஞ்சு போச்சா தங்கச்சி?" என்று கேட்டார். உங்கள் கோபத்தைப் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள், இப்போது உதவுங்கள்.

ஃபாஹிமா

டோஹா
05.03.2014

ஃபாஹிமா,

ஒன்றும் அழியவில்லை. கோப்பின் பெயரில் ஓரெழுத்து மாறினாலும் இந்த மென்பொருள் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லாது. அந்தப் பெயரில் வெறுமையான ஒன்றைத் திறந்து தந்துவிடும். .quit அடித்து வெளியே வா. கோப்புறையில் சரியான பெயரைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்துத் திற. பிறகு மறுபடி .tables.

யாகப்பு அண்ணனிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லு.

ஹுனைஸ்

கற்பிட்டி
09.03.2014

அன்புள்ள மச்சானுக்கு,

வந்துவிட்டது. கறுப்புத் திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள்: படகு, காற்று, நீரோட்டம், தாய், குட்டி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தனித்தனிப் படகில் போனவர்கள் தனித்தனியே சொன்னவை. ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால், வாலில் வெட்டுள்ள ஒரு தாய்த் திமிங்கிலம் வருடா வருடம் அதே இடத்துக்குத்தான் வருகிறாள்.

நேற்று அந்த இடத்துக்குப் போனோம். யாகப்பு அண்ணன் எஞ்சினை நிறுத்தி, "ஒருத்தரும் கதைக்க வேணாம்" என்றார். சுற்றிலும் மூச்சுச் சத்தம். கண்ணுக்கு எட்டிய தூரம் முதுகுகள். எண்ணத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரு குட்டி எங்கள் படகுக்கு அடியால் போனது. அது போய் முடியும்வரை தண்ணீர் கறுத்தே இருந்தது. ஸுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன்.

ஃபாஹிமா

கற்பிட்டி
29.03.2014

மச்சான்,

கூட்டத்தில், கோப்பிலிருந்து அச்சடித்துக் கொண்டுபோன எங்கள் கடதாசிகளை அதிகாரிகள் நெடுநேரம் பார்த்தார்கள். அனுமதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஃபாஹிமா

டோஹா
30.03.2014

அன்புள்ள ஃபாஹிமாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். அந்த .tables கட்டளையை நான் தினமும் அடிக்கிறவன். வரும் பெயர்களை ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. உன் கடிதத்தை அச்சடித்து மேசையில் வைத்துப் பலமுறை வாசித்தேன். தண்ணீர் கறுத்தது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன். உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. கடல் எனக்கு ஒத்துவராது என்று உனக்குத் தெரியும். என்றாலும் படகில் ஓர் இடம் வை.

உன் ஹுனைஸ்

கற்பிட்டி
30.03.2014

மச்சான்,

சனிக்கிழமை விடியப் படகு. வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு பாணும் போதும், வயிறு நிறையச் சாப்பிட்டால் குமட்டிச் சத்தி வரும். நடுவில் உட்காருங்கள், அங்கே ஆட்டம் குறைவு. நான் பக்கத்தில் இருப்பேன்.

உங்கள் ஃபாஹிமா